பரணில் இருக்கும் பதினைந்து புத்தகங்கள்

கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டாய்: "தாத்தா, 62-ஆவது அத்தியாயம் போட்டுட்டேன். எல்லாரும் அடுத்தது எப்போன்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலை. என்ன பண்றது?" நான் பதில் சொல்லாமல் ஊஞ்சலில் போய் உட்கார்ந்துவிட்டேன். உண்ட மயக்கம் என்று நினைத்திருப்பாய். சொல்ல நிறைய இருந்தது. அதில் பாதி என் முட்டாள்தனத்தைப் பற்றியது, அதனால் உடனே வாய் வரவில்லை.

உன் கதையைப் படித்தேன். உன் அம்மாதான் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். பெசன்ட் நகர் கடற்கரை, மூன்று பிள்ளைகள், ஒரு நாய், உடைந்த கட்டுமரம். முதல் 14 அத்தியாயங்களை ஒரே மூச்சில் முடித்தேன். அதற்கப்புறம் அந்த நாய் நான்காம் முறையாகக் காணாமல் போனபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நாய் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நாய்க்கே தெரியும் போலிருந்தது.

நான் 1974-இலிருந்து மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் வாடகை நூலகம் நடத்தியவன் என்பது உனக்குத் தெரியும். டெபாசிட் பத்து ரூபாய், வாடகை புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு. புத்தகங்களைப் பெரும்பாலும் மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்குவேன். 1985-இல் அது எரிந்துபோன பிறகு நடைபாதைக் கடைகளில். வாங்கி வந்ததும் பிரவுன் தாளில் அட்டை போட்டு, கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டிவிடுவேன். யார் எடுத்தாலும் திருப்பித் தரவேண்டிய தேதி அதில் முத்திரையாக விழும். ஒரு புத்தகத்தைப் பற்றி விமரிசகர்கள் என்ன எழுதினார்கள் என்று நான் பார்த்ததில்லை. சீட்டைப் பார்ப்பேன். பொய் சொல்லத் தெரியாத காகிதம் அது.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் கூட்டமாக வந்து கேட்டது எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசையை. இங்கிலாந்துப் பெண்மணி. 1942-இல் முதல் புத்தகம், 1963-இல் கடைசி, மொத்தம் 21. ஜூலியன், டிக், ஆன் என்று மூன்று பேர், அவர்களுடைய சித்தப்பா மகள் ஜார்ஜ், அவளுடைய நாய் டிம்மி. மாம்பலத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு இஞ்சி பீரும் ஹாமும் என்னவென்று தெரியாமலே எச்சில் ஊறிய பிள்ளைகள் எத்தனை பேர்! (இஞ்சி பீர் என்றால் சாராயமா என்று ஒரு தகப்பனார் கடைக்கே வந்து சண்டை போட்டார்.)

என் கடையில் முதல் புத்தகத்தின் சீட்டு நிறைந்து, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் நிறைந்து, மூன்று முறை பைண்டிங் போட்டிருக்கிறேன். ஆறாவது வரைக்கும் அப்படித்தான். பத்துக்கு மேல் போகப்போக முத்திரைகள் குறைந்தன. 21-ஆவது புத்தகத்தின் முதுகு கடைசிவரை மடங்கவே இல்லை. எடுத்த நாலைந்து பேரும் வரிசையை முடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எடுத்தவர்கள். ஒரு பெண் அதைத் திருப்பித் தரும்போது, "அங்கிள், இது அவங்கதானா எழுதினது?" என்று கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அன்று இரவே நான் எல்லாவற்றையும் வரிசையாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அதுவரை நான் அவற்றை வாடகைக்கு விட்டவனே தவிர, ஒழுங்காகப் படித்தவன் இல்லை.

முதல் புத்தகத்தில் எல்லோரும் புதையலைத்தான் நினைவு வைத்திருப்பார்கள். புயல் கடலடியிலிருந்து தூக்கிப் போடும் பழைய கப்பல், பெட்டிக்குள் வரைபடம், தீவுக் கோட்டையின் நிலவறையில் தங்கக் கட்டிகள். ஆனால் அந்தக் கதையைத் தூக்கி நிறுத்துவது ஒரு ஐஸ்கிரீம், கண்ணம்மா. மற்ற மூன்று பேரும் வாங்கித் தரும் ஐஸ்கிரீமை ஜார்ஜ் வேண்டாம் என்கிறாள். திருப்பி வாங்கித் தர அவளிடம் காசில்லை. ஏன் இல்லை? வீட்டில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா துரத்திவிட்டதால், டிம்மியை ஒரு மீனவப் பையனிடம் ரகசியமாக விட்டு வைத்திருக்கிறாள். கைச்செலவுக் காசெல்லாம் நாயின் சாப்பாட்டுக்குப் போகிறது. ரோஷக்காரி, தனியாக வளர்ந்தவள், யாரிடமும் எதையும் வாங்கத் தெரியாதவள், அதனாலேயே எதையும் கொடுக்கத் தெரியாதவள். புத்தகம் முடியும்போது அவளுக்குப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிகிறது. நாயும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அவ்வளவுதான், அவளுடைய ஏக்கம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 20 புத்தகங்கள்.

ஏக்கம் தீர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் போகலாம். இரண்டாவதில் அப்பாவின் ஆராய்ச்சித் தாள்கள் திருட்டுப் போகின்றன, நல்ல கதை. ஐந்தாவதில் சர்க்கஸ், குதிரை வண்டி வீடு, மலை ஏரி என்று பிள்ளைகளுக்குச் சிறகு முளைக்கிறது. 1947-இல் வந்த ஆறாவதில் மறுபடி அதே தீவுக்கு வருகிறார்கள். ஆறிலிருந்து எட்டுப் புத்தகம் என்றுதான் பிளைட்டன் முதலில் நினைத்திருந்தார் என்பார்கள். தீவில் தொடங்கித் தீவுக்கே திரும்பும் அந்த ஆறாவதை மூடி வைத்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாசல் கோலத்தில் கடைசிப் புள்ளியைச் சுற்றி இழை வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் விற்பனை ஓகோ என்றிருந்தது. ஓய்வு கேட்டவர் யாருமில்லை, அடுத்தது கேட்டவர்கள்தான் எல்லோரும். ஆகவே வந்துகொண்டே இருந்தது.

இப்போது 21-ஆவதை எடுத்துப் பார். ஒரு விஞ்ஞானி, அவருடைய தாள்கள் திருட்டு. அது இரண்டாவது புத்தகம். பக்கத்து வயலில் சர்க்கஸ். அது ஐந்தாவது. குரங்கு வளர்க்கும் பையன் ஒருவன். அவன் 19-ஆவதில் வந்தவன். எழுதியவர் தன் வீட்டுப் பரணிலிருந்தே பழைய பாத்திரங்களை இறக்கிப் பந்தி பரிமாறியிருக்கிறார். முதல் புத்தகத்தில் ஜூலியனுக்கு 12 வயது. அங்கே பள்ளிக்கு வருஷத்தில் மூன்று விடுமுறை, 21 விடுமுறை என்றால் ஏழு வருஷம். அவனுக்கு 19 ஆகியிருக்க வேண்டும், மீசை முளைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் அதே அரைக்கால் சட்டையில், அதே அதிகாரக் குரலில், தங்கை ஆனிடம் பாத்திரம் கழுவச் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதல் புத்தகத்தில் அது ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் மிடுக்கு. இருபதாவதில் எரிச்சல். அவன் மாறவில்லை, நாம் மாறிவிட்டோம். படிக்கிற பிள்ளை வளரும்போது கதைப் பிள்ளை வளராவிட்டால், ஒரு நாள் இவள் அவனைவிடப் பெரியவளாகி, குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள்.

பிளைட்டனுக்கு முடிக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அதுதான் எனக்கு வியப்பு. இதே அம்மாள், இதே காலத்தில், 'மாலரி டவர்ஸ்' என்று இன்னொரு வரிசை எழுதினார். கார்ன்வால் கடற்கரையில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி. 1946-இல் முதல் புத்தகம், 1951-இல் ஆறாவது, அதோடு முற்றுப்புள்ளி. ஆறு வருஷப் படிப்புக்கு ஆறு புத்தகம். நாயகி டாரல் ரிவர்ஸ் முன்கோபக்காரி. (பிளைட்டனின் இரண்டாவது கணவர் பெயரில் 'டாரல் வாட்டர்ஸ்' உண்டு. தண்ணீரை ஆறாக்கிவிட்டார், குறும்பு!) முதல் புத்தகத்தில் நீச்சல் குளத்தில் ஒரு பெண் இன்னொருத்தியை வம்புக்குத் தண்ணீருக்குள் அமுக்கும்போது, டாரல் பாய்ந்து அவளைப் பளார் பளாரென்று அறைகிறாள். கோபம் நியாயம், அடி தப்பு. இந்தக் கோபம் அடங்கிவிட்டது என்று நாம் நம்பும்போது நான்காவதில் மறுபடி வெடிக்கிறது. வகுப்புத் தலைவி பதவி போகிறது. கடைசிப் புத்தகத்தில் பள்ளிக்கே தலைவி ஆகி, பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறாள். அறை வாங்கிய அந்தச் சோம்பேறிப் பணக்காரப் பெண் இருக்கிறாளே, கடைசிப் புத்தகத்தில் அவளுடைய அப்பா நோயில் விழுகிறார். ஸ்விட்சர்லாந்துக் கனவு நொறுங்குகிறது. படித்தால் அவளுக்காகவும் கண் கலங்கும். ஆறு வருஷம் அவளோடு இருந்திருக்கிறோமே.

என் கடையில் மாலரி டவர்ஸின் ஆறு சீட்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைந்திருந்தன. ஆறாவது, முதலாவதைவிட ஒரு வரிசை கூடுதலாகவே. அழுவதற்கென்றே மறுபடி எடுத்துப் போன பெண்கள் உண்டு.

ஒரே கை, ஒரே தட்டச்சுப் பொறி. அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் மனசுக்குள் சினிமாத் திரை மாதிரி பாத்திரங்கள் வந்து பேசும், தான் பார்த்து அடிப்பதுதான் வேலை என்று ஒரு உளவியல் ஆய்வாளருக்கு எழுதியிருக்கிறார். ஒரு நாளில் பத்தாயிரம் சொல்கூட அடிப்பாராம். அப்படிப்பட்ட ஊற்று. பிறகு ஏன் ஒரு வரிசை கட்டுக்கோப்பாக முடிந்தது, இன்னொன்று இழுபட்டது? பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடைசி நாள் உண்டு. விடுமுறைக்கு, அடுத்த விடுமுறை வரும். மாலரி டவர்ஸ் கட்டப்பட்ட விதத்திலேயே வாசல் இருந்தது. ஃபேமஸ் ஃபைவ் வாசலே வைக்காமல் கட்டிய வீடு, எழுதியவரே வெளியே வர முடியவில்லை.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அவருக்கு நினைவு மங்க ஆரம்பித்திருந்தது. 1963-க்குப் பிறகு அந்த வரிசையில் புத்தகம் இல்லை, 1968 நவம்பரில் காலமானார். கடைசிப் புத்தகங்கள் தளர்ந்திருக்கின்றன என்று சொல்லும்போது, மனத்திரை இருண்டுகொண்டு வந்த ஒரு மூதாட்டி பழைய முகங்களைத் தேடிப்போய்த் தொட்டுப் பார்த்ததாகவும் அதைப் படிக்கலாம். இந்த வயதில் எனக்கு அப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் போன பிறகு நடந்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. பிரெஞ்சு மொழியில் க்ளோத் வொல்யே என்ற எழுத்தாளர் 1971-இலிருந்து 1985 வரை அதே ஐவரை வைத்து 24 புத்தகம் எழுதினார். மூலமே 21-தான்! ஒழுங்காக முடிந்திருந்த மாலரி டவர்ஸையும் விடவில்லை. 2009-இல் பமேலா காக்ஸ் என்பவர் டாரலின் தங்கையை வைத்து இன்னும் ஆறு எழுதினார். மூடிய கதவாயிற்றே என்று யாரும் பார்ப்பதில்லை.

கதவைத் தானே சாத்திவிட்டுத் தானே திறந்த மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் பாம். 1900-இல் 'ஓஸ்' மந்திரவாதியின் கதையை எழுதினார். தகர மனிதன், வைக்கோல் பொம்மை, கோழைச் சிங்கம். பிள்ளைகள் விடவில்லை. ஐந்து புத்தகங்கள் கழித்து அவருக்கு அலுத்துவிட்டது. 1910-இல் ஆறாவதில், டாரதி என்ற அந்தச் சிறுமியைச் சித்தி சித்தப்பாவோடு ஓஸ் நாட்டிலேயே குடியேற்றி, அந்த நாட்டை வெளி உலகத்தின் கண்ணுக்கே தெரியாதபடி மந்திரத்தால் மறைத்துவிட்டார். இனி செய்தி எதுவும் வராது என்று டாரதி நாரையின் இறகில் எழுதி அனுப்புகிறாள். இதைவிட மரியாதையாக எப்படி விடைபெறுவது? அடுத்த ஆண்டே, 1911-இல், மனிதர் திவாலானார். புதிதாக எழுதிய வேறு கதைகள் ஓடவில்லை. 1913-இல் மறுபடி ஓஸ். மறைந்துபோன நாட்டிலிருந்து செய்தி எப்படி வந்தது? கம்பியில்லாத் தந்தி கண்டுபிடித்துவிட்டார்களே, அதன் வழியாக! கடன்காரன் வாசலில் நிற்கும்போது மந்திரம் என்ன செய்யும்? அதன் பிறகு 1919-இல் சாகும்வரை அவர் ஓஸை விட்டு வெளியே வர முடியவில்லை. செத்தும் விடவில்லை. பதிப்பாளர் ரூத் பிளம்லி தாம்சன் என்ற இளம்பெண்ணை அமர்த்தி 19 புத்தகம் எழுத வைத்தார். அவருக்குப் பின் படம் போட்டவர், இன்னும் சிலர் என்று கை மாறிக் கை மாறி 40 ஆயிற்று. அந்த நாற்பதாவது வந்த வருஷமும் 1963-தான்.

ஓஸில் ஒரு விஷயம் கவனித்தேன். போகப்போக அந்த நாட்டில் யாருக்கும் சாவு கிடையாது, யாருக்கும் வயதாகாது என்று ஆகிவிடுகிறது. பாத்திரங்கள் மேல் அன்பு. யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது. ஆனால் எதுவும் ஆகாத இடத்தில் கதைக்கு என்ன வேலை? உன்னுடைய நாயும் அங்கேதான் குடியேறிவிட்டது.

நீ உடனே, "அப்போ வேதாளம் கதை?" என்று கேட்பாய். சரியான கேள்வி, கேட்காவிட்டால் நீ என் பேத்தியே இல்லை. பழைய கதையில் வேதாளம் சொல்வது 25. கடைசிப் புதிருக்கு விக்கிரமாதித்தனால் விடை சொல்ல முடியவில்லை, வாயைத் திறக்கவில்லை, அதனால் வேதாளம் மரத்துக்குத் திரும்பவில்லை, கதை முடிந்தது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவிலோ ராஜா பல்லாண்டுகள் மாதம் தவறாமல் வாயைத் திறந்துகொண்டே இருந்தார். எங்களுக்கும் அலுக்கவில்லை. ஏனென்றால் ராஜாவும் வேதாளமும் கதை இல்லை, கதையைக் கோக்கும் நூல். மாதம் ஒரு புது மணி. ஜார்ஜும் டாரதியும் நூல் இல்லை, மணி. ஒரே மணியை எத்தனை நாள் கோப்பது? உன் கையில் இருப்பது நூலா மணியா என்று நீதான் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை மணி. உன் கதையின் பையன் எதற்கு ஏங்குகிறான்? கடலுக்குப் போன அப்பா வர வேண்டும் என்று. அவர் 14-ஆவது அத்தியாயத்தில் வந்துவிட்டார். படகை இழுத்துக் கரையேற்றும்போது அவர் மகனைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். பதினான்கு வயதில் அதை எப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இதை எல்லாம் உனக்குச் சொல்ல எனக்கு என்ன அருகதை என்று உன் பாட்டி இருந்திருந்தால் கேட்டிருப்பாள். 1990-களில் கேபிள் டி.வி. வந்தபோதே கடைக்கு ஆட்டம் கண்டது. 2002-இல் உறுப்பினர் முப்பது பேருக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு மூடியிருக்க வேண்டும். உன் பாட்டியே பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "போதும், மூடிடுங்க" என்று சொன்னாள். நான், "இந்த லீவு பாக்கலாம்" என்றேன். அடுத்த லீவு, அதற்கடுத்த லீவு. ஏழு வருஷம். கடை வாடகைக்காக அவளுடைய இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போய் அங்கேயே மூழ்கியது. புதுப் புத்தகம் வாங்கப் பணமில்லை, பழசுக்குப் பைண்டிங் போட மனசில்லை. பழைய பையன்கள் தொப்பையோடும் குழந்தையோடும் எப்போதாவது வந்து, "அங்கிள், மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போவார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் ஏழு வருஷமும் ஷட்டரைத் தூக்கினேன். உன்னிடம் 'அடுத்தது எப்போ' என்று கேட்கிறார்களே, அவர்கள் அன்பும் நிஜம்தான். ஆனால் கேட்பதற்குச் செலவில்லை, கண்ணம்மா. எழுத உனக்கு இரவுத் தூக்கம் போகிறது.

கடைசி ஏழு வருஷத்தில் முதன்முறையாக உள்ளே வந்த குழந்தைகளை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அவர்களுக்கு என் கடை என்றால் பூஞ்சை வாடையும் ஓடாத மின்விசிறியும்தான். அதே இடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் செருப்பு வைக்க இடமில்லாமல் இருந்தது என்று அவர்களிடம் யார் சொல்வது?

ஆனால் ஒன்று. அப்படி வந்த பையன்களில் ஒருவன் ஃபேமஸ் ஃபைவில் 20-ஆவதை எடுத்துப்போனான். எடுப்பாரின்றித் தூசியில் கிடந்தது. மறுநாளே ஓடிவந்தான், மூச்சு வாங்க: "அங்கிள், இதே மாதிரி இன்னும் இருக்கா?" அவன் கண்ணைப் பார்த்தால், 1976-இல் முதல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கண் மாதிரியே இருந்தது. அவனுக்கு முதலில் கிடைத்தது அதுதான். எனக்கு இதற்கு விளக்கம் தெரியவில்லை. உன்னுடைய 62-ஐயும் யாராவது ஒருத்தி அப்படிப் படித்துக்கொண்டிருக்கலாம். அதை நினைத்துத்தான் நாய் விஷயத்தில் இன்னும் கடுமையாகச் சொல்லாமல் விடுகிறேன்.

கடையை மூடியபோது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன், 27 புத்தகங்களைத் தவிர. மாலரி டவர்ஸ் ஆறையும், ஃபேமஸ் ஃபைவில் முதல் ஆறையும் துடைத்து உன் மேசை மேல் வைத்திருக்கிறேன். சீட்டுகளைக் கிழித்துவிடாதே, அதில் உன் அம்மாவின் தேதிகளும் இருக்கின்றன. மற்ற 15-ம் பரணில், பழைய குக்கர் டப்பாவுக்குள். வேண்டுமென்றால் உன் அப்பாவை ஏணி போடச் சொல். எனக்கு முட்டி வலி.